மத்தியான விருந்தாளி: இரண்டாம் பாகம் வராது

கண்ணு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும். நீ இதைப் படிக்கும்போது நீ நடத்துகிற ‘இருட்டுப் பகடை’ பத்திரிகையின் இந்த இதழ் அச்சாகி, கட்டுக்கட்டாகத் தபாலில் போயிருக்கும். நடுப்பக்கத்தைத் திறந்து, நீ எழுதி அனுப்பிய ‘மத்தியான விருந்தாளி’ இரண்டாம் பாகத்தைத் தேடியிருப்பாய். அது இல்லை. கடைசிப் பிழைதிருத்தம் பார்த்து அச்சகத்துக்கு அனுப்புகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுத்தானே பெங்களூருக்குப் போனாய், அந்த உரிமையில் உன் கதையை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை வைத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏன் என்பாய். காரணத்தைச் சொன்னால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடி வருவாய். நீ வீட்டுக்கு வருவதற்காகத்தான் ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான். அவனும் இந்தப் பத்திரிகையின் வாசகன். உன் கைக்கு வருகிற மாதிரியே அவன் கைக்கும் இது போகும். அதனால்தான் போனில் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்கள் கையிலும் இது போகலாம் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள். கதவு திறந்திருக்கிறது, என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார். இவர்கள் ஏதாவது சொல்வார்கள், பகடை உருளும், அதன்படி கதை நகரும். அவ்வளவுதான். நீ கல்லூரியில் படித்தபோது பழைய ஆங்கிலப் பத்திரிகைகளின் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தாய். வயசுப் பையன், என்ன கண்றாவியோ என்று பதறிப்போய் எடுத்துப் பார்த்தேன். பேய் வீடுகளின் வரைபடங்கள், பகடை செய்து விற்பவர்களின் விளம்பரங்கள், நல்ல பயம் எது மட்டமான பயம் எது என்று வாசகர்கள் போட்டுக்கொண்ட சண்டை. இவ்வளவுதானா என்று நிம்மதியாகத் திரும்ப வைத்தேன். உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒழுங்காக வருகிறவன் பேயோடு கொஞ்சம் பழகினால் மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்றார். அவர் காலமான பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நீ கூட்டாளிகளோடு ஆடுகிற ஆட்டம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தது. உன் கூட்டாளிகளுக்குப் பஜ்ஜி போட்டுக்கொடுக்க வந்தவள், ஒரு நாள் ஆள் குறைகிறது என்று உட்கார்ந்தேன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. தனியாக இருக்கிற பொம்பளைக்கு நாலு பேர் சேர்ந்து பயப்படுவது எவ்வளவு சந்தோஷம் என்று அப்போதுதான் தெரிந்தது.

வரைபடம் பற்றிச் சொல்ல வேண்டும். பம்ப் கம்பெனியின் டிராயிங் செக்‌ஷனில் நான் என் கண் பார்வையைக் கொடுத்துவிட்டு வந்தவள் என்பது உனக்குத் தெரியும். ஒரு கோடு தப்பினால் ஒரு வார்ப்படம் வீண், அதனால் தப்பாமல் போடுவது என் கைக்குப் பழகிவிட்டது. நீ சின்னவனாக இருந்தபோது குளியலறைக்குள் போகப் பயந்து அழுவாய். அதட்டிப் பார்த்தோம், மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு குளியலறையை அளந்து வரைந்து காட்டினேன். இது வாளி, இது அண்டா, இது தண்ணீர் போகிற துளை, வேறொன்றும் இல்லை பார் என்றேன். நீ அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாய், அன்றோடு அழுகை நின்றது. ஒரு இடத்தைச் சரியாக வரைந்துவிட்டால் அங்கே பயத்துக்கு இடமில்லாமல் போய்விடும் என்று அன்றைக்கு நம்பினேன். போன வருஷம் வரைக்கும் நம்பினேன்.

‘மத்தியான விருந்தாளி’க்கு ஒரு வீட்டின் வரைபடம் வேண்டும் என்று நீ கேட்டாய். புதிதாக ஒரு வீட்டை யோசித்து வரைய எனக்குச் சோம்பல், உனக்கோ அவசரம். நம் வீட்டையே போடும்மா, உண்மையான வீடாக இருந்தால்தான் படிக்கிறவனுக்கு வயிற்றைப் பிசையும் என்றாய். போட்டேன். கூடம், சமையலறை, உன் அறை, அப்பா இருந்த அறை, பின்வாசல், மாடிப்படி எல்லாம் அங்குலம் பிசகாமல் வந்தன. ஒரு சுவரை மாற்றிப் போட்டிருக்கலாம். ஒரு ஜன்னலையாவது இடம் மாற்றியிருக்கலாம். கை வரவில்லை கண்ணு. பார்த்துப் பார்த்து வரைந்துவிட்டு, என் வேலை இன்னும் மறக்கவில்லை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டேன். நீ அதற்குக் குறிப்பு எழுதினாய். பின்வாசல் தாழ்ப்பாள் முழுதாக விழாது, கதவைத் தூக்கித் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும் என்று. அதைச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே உன் அப்பா போய்ச் சேர்ந்தார் அல்லவா, அந்தத் தாழ்ப்பாள். அதே இதழின் கடைசிப் பக்கத்தில், வழக்கம்போல, ஆசிரியர் முகவரி என்று நம் வீட்டு முகவரி. வீடு நடுப்பக்கத்தில், விலாசம் கடைசிப் பக்கத்தில். மெய்ப்புப் பார்த்தவள் நான். எழுத்துப்பிழை ஒன்றுகூட விடவில்லை.

கதை என்ன என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிள்ளை வெளியூரில் வேலை பார்க்க, ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். (கிழவி என்று நீ எழுதியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) தெருவே சாப்பிட்டுப் படுத்துவிடுகிற மத்தியான வேளையில் பின்வாசல் வழியாக ஒருவன் வருகிறான். திருட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு காரியம் செய்துவிட்டுப் போகிறான். முதலில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறான். அப்புறம் மூடி வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறான். அப்புறம் செத்துப்போனவரின் படத்தைத் திருப்பி மாட்டுகிறான். எந்த நாளில் வருவான் என்பதைப் பகடை சொல்லும், ஆனால் செய்கிற வரிசை மாறாது. கடைசியில் வெளிக்கேட்டில் நின்று பிள்ளையின் குரலில் கூப்பிடுகிறான். கிழவி கதவைத் திறக்கிறாள். முதல் பாகம் முடிந்தது. அடுத்த இதழில் மகன் மனைவியோடு வீடு திரும்புகிறான் என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தாய். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். குறும்புக்குத்தான் போட்டாய், எனக்குத் தெரியும், நானும் சிரித்தேன்.

அந்த இதழுக்கு வந்த வரவேற்பு உனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. முதலில் வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பெண்கள், அக்கா தங்கச்சி. ஏனுங்கம்மா, இதானுங்களா அந்த ஊடு என்று கேட்டில் நின்று கூச்சத்தோடு கேட்டார்கள். கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். கிணத்துக்கடவிலிருந்து ஒரு கூட்டம் இளநீர்க் குலையோடு வந்தது. மேட்டுப்பாளையத்துப் பையன்கள் மண்டியிலிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் எவ்வளவு மரியாதை தெரியுமா. ஆனால் ஒருவருக்கும் குளியலறை எங்கே என்று கேட்கத் தேவைப்படவில்லை. நேராகப் போனார்கள். உன் அப்பா அறைக்குள் மட்டும் யாரும் கால் வைக்க மாட்டார்கள், கதையில் அங்கே போனவர்களுக்கு நல்லது நடப்பதில்லை. பின்வாசல் கதவைத் தூக்கித் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். திறந்ததும் கைதட்டுவார்கள். நானும் சேர்ந்து கைதட்டினேன். என்னைச் சுற்றி உட்கார்ந்து, நீங்கதானுங்களா அந்தம்மா என்று பார்ப்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. நீ வாரத்துக்கு ஒரு தடவை போனில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கும் இதற்கும் எவ்வளவோ வித்தியாசம். குத்திக்காட்டுகிறேன் என்று நினைக்காதே, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் செய்கிறேன்.

மேட்டுப்பாளையத்துக் கூட்டத்தோடு வந்தவன் அவன். அவர்களுடைய ஆள் என்று நான் நினைத்தேன், எனக்குத் தெரிந்த பையன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் இதழைக் கையில் பார்த்துப் பேச்சுக் கொடுத்துக் கூட வந்தானாம். பெயர் ஒன்று சொன்னான், அது நிஜமா என்று தெரியாததால் எழுதவில்லை. உன் வயசு, உன் உயரம். செருப்பை ஓரமாக நேராக்கிக் கழற்றிவிட்டு வருவான். அடுத்த தடவை தனியாக வந்தான். சிலிண்டர் தூக்கி வைத்தான், ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் போட்டான். போகும்போது தன் நம்பரைக் கொடுத்து, தேவையின்னா கூப்புடுங்கம்மா, நான் உங்க பையன் மாதிரிதானுங்க என்றான். ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். நான் ஒரு டப்பாவில் முறுக்குப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

அப்புறம் ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தால் கூடத்து நாற்காலி சுவரைப் பார்த்து நின்றது. நானே கூட்டிப் பெருக்கும்போது திருப்பியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து, கோயிலில் ஒரு ஜெபக்கூட்டம் முடிந்து வந்தேன். சாப்பிடலாம் என்று மூடியைத் தூக்கினால் பாத்திரம் காலி. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தட்டின் அடியில் ஈரம் இருந்தது கண்ணு. அந்த ஈரத்தைத் தொட்டபோதுதான் யாரோ வந்து போனது எனக்கு உறைத்தது. பயம் வந்ததைவிட, அடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான் கொடுமை. நான் மெய்ப்புப் பார்த்த கதை அல்லவா. உன் அப்பா படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டிவிட்டு இதழை எடுத்துப் பார்த்தேன். கட்டம் கட்டிப் போட்டிருந்தாய்: வீட்டுக்காரி படத்தை எடுத்து ஒளித்தால், படம் இருந்த ஆணியில் அவளுடைய படத்தை மாட்டவும். மறுவாரம் சந்தைக்குப் போய் வந்தபோது என் ஆபீஸ் நாள் போட்டோ அந்த ஆணியில் சுவரைப் பார்த்துத் தொங்கியது.

நீ எவ்வளவு நன்றாக எழுதுகிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நல்ல ஆட்டக்கதை எழுதுகிறவன் ஆடுகிறவர்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும் என்பாய். நீ யோசித்து வைத்திருந்தாய். தாழ்ப்பாளை மாற்றினால் அவன் மாடிக் கதவு வழியாக வருவான், அதன் சாவி படிக்கட்டுக்குக் கீழே பழைய ஷூவுக்குள் இருக்கிறது. அதுவும் நம் வீட்டு உண்மைதான். பக்கத்து வீட்டில் சொன்னால் வயசாகிவிட்டது, மறதி என்பார்கள். போலீசுக்குப் போனால் என்ன காணாமல் போனது என்று கேட்பார்கள். மகனுக்குச் சொன்னால் மகன் வருவான், ஆட்டம் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகும். நான் எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அங்கே உன் கையெழுத்து இருந்தது. உன்மேல் கோபம் வந்தது. உனக்குச் சொல்ல வாய் வராமல் போனதற்கு, மகனுக்குச் சொன்னால் மகன் வருவான் என்ற அந்தக் கடைசி வரிதான் காரணம்.

வந்தவர்களில் தனியாகத் திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான். அவன்தான் என்று எனக்குத் தெரியும், காட்ட எதுவும் இல்லை. அதனால் காப்பிக்கு வரச் சொன்னேன். வந்தான். மேசை மேல் நம் சிவப்பு கார்டை வைத்தேன். உன் கூட்டாளிகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசை நடுவில் வைப்பார்களே, அது. பயம் தாங்க முடியாமல் போனால், மனசில் எதையோ தொட்டுவிட்டது என்றால், யார் வேண்டுமானாலும் அந்தக் கார்டைத் தொடலாம், தொட்ட உடனே அந்தக் காட்சி நிற்கும், ஏன் தொட்டாய் என்று யாரும் கேட்கக் கூடாது. இவ்வளவு பேயும் பிணமும் பேசுகிற கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வழக்கம் அதுதான். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே என் விரலைக் கார்டின் மேல் வைத்தேன். போதும் சாமி, நிறுத்திக்கோ என்றேன். அவன் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. தெரியாதவர்களுக்கு ஆட்ட விதியை எடுத்துச் சொல்கிற பொறுமையோடு சொன்னான்.

“கார்டு ஆடறவங்களுக்குத்தானுங்கம்மா. நீங்க ஆடலீங்களே. நீங்க கதையில இருக்கறவங்க.”

கார்டை என் விரலுக்கடியிலிருந்து மெதுவாக உருவி, மேசை ஓரத்தில் நேராக வைத்துவிட்டுப் போனான்.

போலீசுக்கும் போனேன். அங்கே இருந்த வயதான ஏட்டு நல்ல மனுஷன், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். என்னங்க காணாமப் போச்சு என்று கேட்டார். சோறு என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் அதட்டினார். இதழை வாங்கி வரைபடத்தை விரித்து நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, ஏனுங்கம்மா, ஊட்டையும் வரஞ்சு, கதவு எப்படித் தொறக்கறதுன்னும் எழுதி, வெலாசமும் போட்டு நீங்களே வித்துப்போட்டீங்களே என்றார். அவர் கேலி செய்யவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அவன் கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டு எச்சரித்தார். அந்தப் பக்கம் ரொம்பப் பணிவாக, சரிங்க, சரிங்க என்றது எனக்கும் கேட்டது. அன்றைக்குப் பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

போன மாதம், குக்கரை இறக்கி வைத்துவிட்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கேட்டில் சத்தம் கேட்டது. “அம்மா, கதவத் தொற. பசிக்குது.” பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோதும் காலேஜிலிருந்து வந்தபோதும் நீ சொன்ன அதே வார்த்தை, உன் குரல். கல்யாண வேலையாகச் சொல்லாமல் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் ஆட்டப் பதிவுகள் மணிக்கணக்கில் இணையத்தில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்டுக் கேட்டுப் பழகலாம் என்பது எனக்குத் தெரியாதா? விருந்தாளி சொல்ல வேண்டிய வசனமாக நீ அதைத்தான் எழுதியிருந்தாய் என்பது எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்தும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பெற்ற வயிறு மெய்ப்புப் பார்த்துக்கொண்டா இருக்கும். ஓடிப்போய்த் திறந்தேன். அவன் நின்றான். கையில் ஒன்றும் இல்லை. உள்ளே வர ஒரு அடிகூட வைக்கவில்லை. பார்த்தான், என் முகத்தில் இருந்தது என்னவென்று பார்த்து முடித்தான். அப்புறம் தன் சொந்தக் குரலில் பேசினான்.

“மொதப் பாகம் முடிஞ்சுதுங்கம்மா. ரெண்டாம் பாகம் எப்பங்க வருது?”

கும்பிட்டுவிட்டு வெயிலில் நடந்து போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உனக்கும் ரீனாவுக்கும் கல்யாணம் என்று தேதியோடு முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று வழக்கம்போல முடித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பெஞ்சில், வெள்ளைச் சட்டை போட்டு, தலையைக் குனிந்துகொண்டு அவன் இருந்தான். கல்யாணத் தேதியை அவன் காதில் வாங்கிக்கொண்டான். நீ எழுதி அனுப்பிய இரண்டாம் பாகம் அப்போது என் மேசையில் மெய்ப்புக்காகக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ப் படித்தேன். மகனும் மருமகளும் வருகிறார்கள், கதவைத் திறப்பது விருந்தாளி, அம்மா எங்கே என்று மகன் கேட்பதில் ஆட்டம் ஆரம்பிக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் எழுத்திலேயே இதுதான் சிறந்தது. ஒரு பிழைகூட இல்லை. அதை அடுப்பில் வைத்து எரித்தேன். உன் கம்ப்யூட்டரில் இன்னொன்று இருக்கும், அதையும் அழித்துவிடு. உன் ஆத்தாள் நான் பிச்சையாகக் கேட்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டே நீ பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய். உட்கார். நான் சும்மா இருக்கவில்லை. கட்டம் கட்டிக் கட்டம் கட்டி எல்லாவற்றையும் எழுதினாயே, உன் கிழவி கொத்தனாரைக் கூப்பிடுவாள் என்று எழுதினாயா? உன் கதையில் அவளுக்குப் பயப்படுவதைத் தவிர வேறு தொழிலே இல்லை. எனக்குத் தொழில் உண்டு. பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். மாடிப்படியை உடைத்தாகிவிட்டது, புதிது வேறு பக்கம் ஏறுகிறது. எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன். கூடம் இருந்த இடத்தில் இப்போது கூடம் இல்லை. உன் அறையையும் மாற்றியாகிவிட்டது, வருத்தப்படாதே. இடிக்க வந்தவர்கள், நல்ல செவுத்த ஏனுங்கம்மா இடிக்கறீங்க என்று கடைசி வரைக்கும் கேட்டார்கள். புது வீட்டை நான் வரைந்து பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாளில் கோடு போடாமல், நின்ற இடத்தில் கையைக் காட்டிக் கட்டச் சொன்னேன். சுவர் ஒன்று கோணலாக வந்திருக்கிறது. இருக்கட்டும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு பிழைதிருத்தம்: முந்தைய இதழின் நடுப்பக்கத்தில் வெளிவந்த வரைபடம் தவறானது. அப்படி ஒரு வீடு இப்போது இல்லை. வெள்ளகோவில் பெண்களும் மற்றப் பிள்ளைகளும் என்னைத் தப்பாக நினைக்க வேண்டாம், ஆனால் இனி வர வேண்டாம். வந்தால் திறக்க மாட்டேன்.

வீட்டை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கலாமே என்பாய். காலி வீட்டில் அவன் என்ன செய்வான் என்பதும் உன் கட்டத்தில் இருக்கிறது, போய்ப் பார். நான் இங்கேதான் இருப்பேன். பயமில்லையா என்றால் இருக்கிறது. மத்தியானம் ஆனால் குக்கர் வைப்பதில்லை, அதன் சத்தத்தில் வேறு சத்தம் கேட்காமல் போய்விடுமே என்று. சோற்றை வடித்துச் சாப்பிடுகிறேன். சுவரை இடித்ததால் அவன் போய்விடுவான் என்று எனக்கு நிச்சயமில்லை. கோபப்படுவானோ, இன்னும் ரசிப்பானோ, அதுவும் தெரியாது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குத் தாய் நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டு மனுஷர்களை எடுத்துக் கதைக்குப் போடாதே, போட்டால் கேட்டுவிட்டுப் போடு, அவர்கள் சரி என்றாலும் ஒரு சுவரையாவது மாற்றிப் போடு. அவள் தூங்குகிற விதம், அவள் பயப்படுகிற பொருள், அவள் தனியாக இருக்கிற நேரம், இதெல்லாம் உன்னிடம் அவள் கொடுத்து வைப்பது. எவ்வளவு நல்ல கதையாக வந்தாலும் அது உன்னுடையது ஆகாது. ரீனா எப்போதாவது ஏதோ ஒரு பேச்சின் நடுவில் போதும் என்றால் நிறுத்திவிடு. ஏன் என்று கேட்காதே. மேசையில் அந்நியர்களுக்குச் செய்கிற அந்த மரியாதையை வீட்டிலும் செய். அப்புறம், நீ பயந்தால் அவளிடம் சொல். நான் உன்னிடம் சொல்லாமல் இத்தனை மாதம் வைத்திருந்து என்ன ஆனேன் என்று பார்த்தாய்.

கல்யாணம் முடிந்து அவளை இங்கேதான் அழைத்து வரவேண்டும். அதையும் அவனுக்கு விட்டுக்கொடுக்க என்னால் ஆகாது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் கூட வரட்டும், மேளம் வைத்துக்கொண்டு வா. ஆனால் கேட்டில் நின்று அம்மா என்று கூப்பிடாதே. அப்படி யார் கூப்பிட்டாலும், உன் குரலே ஆனாலும், அழுதாலும், பசிக்கிறது என்றாலும் நான் இனித் திறக்கப்போவதில்லை. இதை எழுதும்போது என் நெஞ்சு என்ன பாடுபடுகிறது என்பது உனக்குப் பிள்ளை பிறந்தால் தெரியும். வேறு என்னவென்று கூப்பிடுவது என்பதைக் கோயிலில் உன் காதில் சொல்கிறேன். ரீனாவுக்குச் சொல். வேறு யாருக்கும் சொல்லாதே, எதிலும் எழுதிவிடாதே.